வண்டிக்கு அடியில் "டொக்" சத்தமா? அலட்சியம் வேண்டாம்!

கிளட்ச்சை விட்டதும் வண்டிக்கு அடியில் "டொக்" என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் மீண்டும் ஒரு "டொக்".

"பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று சில டிரைவர்கள் அதைக் கண்டுகொள்வது இல்லை. ஆனால் அது ஓர் எச்சரிக்கை.

நாமக்கல், சங்ககிரியில் இருந்து சரக்கு ஏற்றி மும்பைக்கு வரும் லாரிகள், புனேயைத் தாண்டியதும் கண்டாலா மலைச்சரிவில் இறங்கவேண்டும். பாரம் ஏற்றிய வண்டியை அங்கே பிரேக் மட்டும் பிடிப்பது இல்லை. சிறிய கியரில் ஓடும் என்ஜினும் பிடித்து இழுக்கிறது. என்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இணைப்பு அறுந்தால் அந்தப் பிடி போய்விடும். முழுச் சுமையும் பிரேக் மீது விழும். பிரேக் சூடேறினால் அதுவும் கைவிடும்.

4 முனை கிராஸ்

கியர் பாக்சில் இருந்து பின்னால் உள்ள ஹவுசிங் வரை செல்லும் நீண்ட இரும்புக் குழாய்தான் புரொப்பெல்லர் ஷாப்ட். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஹவுசிங்கும் மேலும் கீழும் ஆடும். அதற்கு ஏற்ப மடங்கிக் கொடுப்பது யுனிவர்சல் ஜாயிண்ட்.

அதற்குள் கூட்டல் குறி போன்ற ஒரு "கிராஸ்" இருக்கும். அதன் 4 முனைகளிலும் 4 கப். ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள். கிரீஸ் வற்றினால் அவை துருப்பிடித்துத் தேயும். பிறகு ஆட்டம்; ஆட்டத்தில் இருந்து சத்தம்.

எப்போது கேட்கிறது?

சத்தம் எப்போது வருகிறது என்பதே முக்கியம். வண்டி நிற்கும்போதே, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதித்தால் கேட்கிறதா? கோளாறு என்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் பக்கம்.

புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் மட்டும் "டொக்" என்றால் ஜாயிண்ட், கிரவுன்-பினியன், அல்லது என்ஜின் மவுண்டிங். மெதுவாகப் போகும்போது "கிரீச் கிரீச்" என்றால் கிரீஸ் இல்லாத கிராஸ். பள்ளத்தில் மட்டும் கேட்டால் ஸ்பிரிங் பட்டையையும் யூ போல்ட்டையும் பார்க்கவேண்டும்.

கையால் சோதிக்கலாம்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடவேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகக்கூடாது.

கியரை நியூட்ரலில் வைத்து, ஜாயிண்டின் இரு பக்கங்களையும் பிடித்து எதிரெதிராகத் திருகவேண்டும். மேலும் கீழும் அசைக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் கிராசை மாற்றவேண்டியதுதான். கப்பைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை.

ஜாயிண்டில் ஆட்டம் இல்லாமல், ஷாப்ட் முழுவதும் சேர்ந்து சிறிது திரும்பினால், அது கிரவுன்-பினியன் இடைவெளி. பற்களுக்குக் கொஞ்சம் இடைவெளி தேவை. அதிகமானால்தான் கோளாறு. நீண்ட லாரிகளில், ஷாப்டின் நடுவே உள்ள சென்டர் பேரிங் ரப்பரையும் பார்க்கவேண்டும்.

மாட்டுவதில் தவறு

ஷாப்டைக் கழற்றும் முன் அடையாளக் கோடு போடுவது அவசியம். பல் வெட்டிய பகுதியை இடம் மாற்றி மாட்டினால், இரு ஜாயிண்டுகளும் ஒன்றை ஒன்று ஈடுகட்டாது. புது கிராஸ் போட்டும் வண்டி அதிரும். "கியர் பாக்ஸ் போய்விட்டது" என்று வீண் செலவு தொடங்கும்.

கார் வாங்குவோருக்கு

ஆபீஸ் போகப் பழைய கார் வாங்குவோரும் காது கொடுக்கவேண்டும். 1983-ல் வந்த மாருதி 800 முதல், முன் சக்கரம் இழுக்கும் கார்கள் பெருகிவிட்டன. இவற்றில் நீண்ட ஷாப்ட் கிடையாது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக ஓட்டும்போது "டக் டக் டக்" என்றால், சக்கரத்தை ஒட்டிய ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் அதன் ரப்பர் உறை கிழிந்திருக்கும்.

கிராஸ் மாற்றுவது சிறிய செலவு. கியர் பாக்சை இறக்கினால் பணமும் போகும், வண்டி நிற்கும் நாட்களுக்கு வாடகையும் போகும். மொழி புரியாத ஊரில் பட்டறைக்காரரிடம் வாதாட முடியாமல் போகலாம். ஆனால், "ஆட்டம் இங்கே" என்று விரலால் காட்டத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.