ஊசியும் ஊரும் – 11
குழாயடியைத் தைத்தவர்கள்

கோணித் துணியின் நடுவே ஒரு தெருக்குழாய். அதைச் சுற்றிப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி கையில் வாளி, இன்னொருத்தி இடுப்பில் குழந்தை. பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், கொடியில் காயும் துணிகள். பின்னால் ஆண்டீஸ் மலை, மலைக்கு மேலே பெரிய சூரியன். பழைய சட்டை, பாவாடைகளிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒட்டுப்போட்டு, கம்பளி நூலால் ஓரம் அடைத்துத் தைத்த படம். சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவில், 1970களின் நடுப்பகுதியிலிருந்து இந்த மாதிரிப் படங்கள் ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்டன. இவற்றுக்கு அர்பியேரா என்று பெயர்.

தைத்தவர்கள் ஓவியம் படித்தவர்கள் இல்லை. நகரத்தின் விளிம்பில் இருந்த ஏழைக் குடியிருப்புகளின் பெண்கள். பலருக்குத் தையலே தையல் கூடங்களுக்கு வந்த பிறகுதான் பழக்கமானது. நகர வாழ்க்கையைக் கைத்தையலில் கொண்டுவர ஆசைப்படுகிற எல்லோருக்கும் நான் முதலில் காட்டுவது இவர்களுடைய வேலையைத்தான். தெருவில் எதைப் பார்ப்பது, எதைத் தைப்பது என்ற கேள்விக்கு இவர்களை விடத் தெளிவாகப் பதில் சொன்னவர்களை நான் அறியேன்.

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சால்வடார் அலெண்டே அன்றே மாண்டார். ஜெனரல் பினோசெட்டின் ஆட்சி தொடங்கியது. வீட்டுக்குள் புகுந்து ஆண்களை இழுத்துப் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. அந்த ஆட்சி நீடித்த பதினேழு ஆண்டுகளில் 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்று பின்னால் அரசு அமைத்த ஆணையங்களே பதிவு செய்தன. இன்னொரு பக்கம் ஆலைகள் மூடப்பட்டு வேலை போனது. கணவனைத் தேடிச் சிறை வாசல்களில் நின்ற பெண்தான் மாலையில் பிள்ளைகளுக்குச் சோறும் போட வேண்டியிருந்தது.

பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவத் தேவாலயங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. அதன் ஆதரவில் 1974 வாக்கில் தையல் கூடங்கள் தொடங்கின. பினோசெட்டின் நெருக்கடியால் அந்தக் குழு 1975 முடிவில் கலைக்கப்பட்டது. உடனே கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கெஸ், 1976இல் திருச்சபையின் சொந்த அமைப்பாகவே ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயர் விக்காரியா. நகரின் மையச் சதுக்கத்தில், பேராலயத்தை ஒட்டி இருந்த அதன் அலுவலகம் பெண்கள் தைத்த படங்களை வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அந்தப் பணத்தில் அடுப்பு எரிந்தது.

கோணியில் தைப்பது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. பாடகி வியோலெத்தா பார்ரா உடல்நலம் குன்றிப் படுக்கையில் இருந்த நாட்களில், கோணியில் கம்பளி நூலால் படங்கள் தைக்கத் தொடங்கியவர். 1964இல் பாரிஸில் லூவர் அரண்மனையில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் சாந்தியாகோ பெண்களிடம் கம்பளி நூல் வாங்கத் தாராளமாகக் காசு இல்லை. அதனால் நிரப்ப வேண்டிய இடத்தை எல்லாம் துணித்துண்டால் நிரப்பினார்கள். நூல் ஓரத்துக்கும் முகத்துக்கும் மட்டும் போனது. அடித்துணிக்கு மாவுச் சாக்கு. சிலர் காணாமல் போன கணவனின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டினார்கள். துணியில் செய்த குட்டி பொம்மைகளை மேலே வைத்துத் தைத்ததால், படத்தில் இருக்கிற ஆட்கள் கொஞ்சம் புடைத்து முன்னுக்கு வந்து நிற்பார்கள்.

அவர்கள் எதைத் தைத்தார்கள் என்பதைப் பாருங்கள். தெருவுக்கே பொதுவாகக் கொதிக்கிற சூப் பானை. கதவடைத்த ஆலை, அதன் வாசலில் வேலை இல்லை என்ற பலகை. அட்டையும் காகிதமும் பொறுக்குகிற சிறுவர்கள். கூலிக்குத் துணி துவைக்கிற பெண்கள். மின் இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகு கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்த கம்பி. பிறகு, கைக்குழந்தையோடு சிறை வாசலில் நிற்கும் மனைவி. நம் பிள்ளைகள் எங்கே என்று கேட்கும் பதாகை.

இதில் பாதிக்கு மேல் எந்த முழக்கமும் கிடையாது. பானை, குழாய், கம்பி, அவ்வளவுதான். ஆனால் ஆட்சியை ஆதரித்த பத்திரிகைகளுக்கு இது பொறுக்கவில்லை. நாட்டின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று எழுதின. நாடு முன்னேறுகிறது என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு தெருவே ஒரே பானையிலிருந்து சாப்பிடுகிறது என்பதைத் தைத்துக் காட்டினால் அதுவே சாட்சியம். 1982இல் பொருளாதாரம் சரிந்து வேலையின்மை இருபது சதவீதத்தைத் தாண்டியபோது அந்தப் பானைகள் இன்னும் பெருகின, படங்களிலும் பெருகின. இன்று அந்தக் காலத்தின் அன்றாடத்தை அறிய விரும்புகிறவர்கள், சாந்தியாகோவில் 2010இல் திறக்கப்பட்ட நினைவு மற்றும் மனித உரிமை அருங்காட்சியகத்தில் இந்தக் கோணித் துணிகளின் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள்.

எனக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றுதான். ஒரு ஊரைத் தைக்க வேண்டுமென்றால் அதன் அடையாளச் சின்னங்களைத் தேட வேண்டாம். எது நின்றுபோனால் அந்தத் தெருவின் வாழ்க்கை நின்றுபோகுமோ அதைத் தேடுங்கள். சென்னை என்றதும் சென்ட்ரல் ரயில் நிலையத்தையும் கலங்கரை விளக்கத்தையும் வரைந்துகொண்டு உட்காருகிறோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிக் கிடந்தபோது, ஊரெங்கும் தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்ற பிளாஸ்டிக் குடங்களை நினைத்துப் பாருங்கள். பச்சை, ஆரஞ்சு, நீலம், ரோஜா நிறம் என்று தெரு முழுக்க நிறம். அந்த வரிசையில் ஆளில்லாமல் இடம் பிடித்து வைத்திருந்த குடங்களும் உண்டு. அந்தக் கோடையைச் சொல்ல இதை விடச் சரியான படம் எது?

அதைத் தைக்க உட்காரலாம். அரை மீட்டர் காடா துணி எடுத்து ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். கஞ்சி போனால்தான் ஊசி தடையில்லாமல் இறங்கும். பென்சிலால் மூன்றே கோடுகள் போதும்: தரை, சுவர், வானம். சாந்தியாகோ பெண்களைப் போலவே பின்னால் இருப்பதை முதலில் முடியுங்கள். சுவருக்கு வெளுத்துப்போன ஒரு வேட்டித் துண்டு, தரைக்குப் பழுப்பு நிறப் பாவாடைத் துண்டு. ஓரத்தை உள்ளே மடித்து மறைதையல் போட்டால் பிரியாது.

அதன் பிறகு குடங்கள். ஆறிழை நூலைப் பிரித்து இரண்டிரண்டு இழையாக எடுத்துக்கொள்ளுங்கள். குடத்தின் வயிற்றைச் சாட்டின் தையலில் நிரப்பும்போது நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போனால் வளைவு கெடாது. வாய் விளிம்புக்கு ஒரு வரி காம்புத் தையல். லாரியிலிருந்து வரும் பச்சை ரப்பர் குழாயைச் சங்கிலித் தையலில் போடுங்கள். தரையில் நெளிந்து கிடப்பது அப்படியே வரும். மேலே போகும் மின்கம்பிகளுக்கு ஒற்றை இழையில் பின்தையல். தலையில் பூ வைத்த பெண் வரிசையில் இருந்தால், வெள்ளை நூலில் நான்கைந்து பிரெஞ்சு முடிச்சுகள் போதும். முகத்தில் கண், மூக்கு வரைந்து கஷ்டப்பட வேண்டாம். ஒருத்தி இடுப்பைச் சாய்த்து நிற்கிற விதத்திலேயே அவள் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்பது தெரிந்துவிடும். அந்தச் சாய்வைப் பிடிக்கத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

தைக்கும்போது கேள்விகள் தானாக வரும். வரிசையில் ஏன் பெண்களே அதிகம்? அடுத்த தெரு அடுக்குமாடிக்குத் தனி லாரி எப்படி வந்தது? கைப்பேசியில் எடுத்த படத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். ஒரு குடத்தைத் தைத்து முடிக்க வேண்டியிருக்கும்போது அந்தக் கேள்வியை விட்டு எழுந்து போக முடியாது. சாந்தியாகோவில் பெண்கள் கூடித் தைத்தபோது இதுதான் நடந்தது. தங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்து வந்தவர்கள், ஒரே மேசையில் தைத்துப் பேசும்போது இது எல்லா வீட்டுக்கும் நேர்ந்திருப்பதை அறிந்தார்கள். அவர்களில் பலர் பிறகு தெருவில் இறங்கித் தங்கள் கேள்விகளை வெளிப்படையாகவே கேட்டார்கள்.

ஆகவே இந்த வாரத்துக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தினமும் நீங்கள் தாண்டிப் போகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாவு மெஷினாக இருக்கலாம், ரேஷன் கடை வரிசையாக இருக்கலாம், குப்பை வண்டி தள்ளும் அக்காவாக இருக்கலாம். முடிந்தால் தனியாகத் தைக்காமல் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொள்ளுங்கள். தைத்து முடித்ததும் துணியின் பின்பக்கம் தேதியையும் தெருவின் பெயரையும் எழுதுங்கள். ஊரின் வரலாற்றை எழுத யாருடைய அனுமதியும் நமக்குத் தேவையில்லை.

அடுத்த வாரம்: இதே கலை பெரு நாட்டுக்குப் போய், லிமா நகரின் மணற்குன்றுக் குடியிருப்புகளில் எப்படி வேறு நிறம் எடுத்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)