பதின்மூவர் ஒன்றுகூடினர்

லயத்தில் தண்ணீர்க் குழாய் கெட்டுவிட்டது. ஒரு வீட்டுக்காரர் மட்டும் ஆபீசுக்குப் போய்ச் சொன்னால் ஒரு பதில் கிடைக்கும்; லயமே திரண்டு போய்ச் சொன்னால் வேறு பதில் கிடைக்கும். இது நாமெல்லாம் அறிந்ததே. சட்டம் இயற்றும் சபையிலும் அப்படித்தான் என்பதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு காட்டுகிறது. அதை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போட முடியாதபடி நெடுங்காலம் தடுக்கப்பட்டு வந்தனர். 1965ஆம் ஆண்டு வந்த ஓட்டுரிமைச் சட்டம் அத்தடைகளைத் தகர்த்தது. ஆயினும், 435 பேர் ஓட்டளிக்கும் அந்நாட்டு மக்கள் சபையில், 1971இல் கறுப்பின உறுப்பினர்கள் 13 பேரே இருந்தனர். அவர்களுள்ளும் தலைநகர் வாஷிங்டனின் பிரதிநிதிக்குச் சபையில் ஓட்டுரிமை கிடையாது. பெண்மணி ஒருவரே இருந்தார். தையல் வேலை செய்த தாயின் மகளான ஷெர்லி சிஷோம் அவர்.

தனித்தனியே நின்றால் இவர்கள் குரல் யார் காதில் விழும்? அதிபர் நிக்சனைச் சந்திக்க இவர்கள் 1970இல் அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. எனவே 1971 ஜனவரியில் அதிபர் ஆற்றிய ஆண்டு உரைக்குப் போகாமல் சேர்ந்தே புறக்கணித்தனர். நாடே திரும்பிப் பார்த்தது. மார்ச் மாதம் அதிபர் அவர்களை அழைத்துப் பேசினார். வேலை, வீடு, குடிமை உரிமை எனச் சுமார் அறுபது கோரிக்கைகளை அவர்கள் முன்வைத்தனர். அதே ஆண்டில் காங்கிரஸ் கறுப்பினக் குழு என்னும் பெயரும் நிலைபெற்றது.

கோரிக்கைகளுக்கு வந்த பதில் அவர்களுக்கு நிறைவு தரவில்லை. அதற்காக அவர்கள் சோர்ந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை ஒடுக்கிய நிறவெறி ஆட்சிக்கு எதிராகப் பொருளாதாரத் தடை வேண்டும் என்று 1972இல் ரொனால்ட் டெலம்ஸ் மசோதா கொண்டுவந்தார். அது அப்போது நிறைவேறவில்லை. குழுவினர் அடுத்தடுத்து முயன்றனர். மற்ற உறுப்பினர்களிடமும் ஆதரவு திரட்டினர். 1986இல் தடைச் சட்டம் நிறைவேறியது. அதிபர் ரீகன் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட ஓட்டுகளால் அம்மறுப்பை முறியடித்தன. பதின்மூவர் மட்டும் ஓட்டளித்து இது நடக்குமா? வெள்ளையின உறுப்பினர் பலரும் உடன் நின்றதால்தான் நடந்தது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்குழுவில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

நேயர்களே, சிறுபான்மையோர் முதலில் தமக்குள் ஒன்றுபட வேண்டும். பின்னர் பிறரையும் துணை சேர்க்க வேண்டும். ஒருமுறை இல்லை என்ற பதில் வந்தால் மறுமுறையும் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. நம் ஓட்டை வாங்கிச் சென்றவர்கள் சபையில் ஒன்றாக நிற்கிறார்களா என்று கேட்டறிவது நம் கடமையாகும்.