பெண் பிள்ளைகளின் அடிவயிற்று வலி: ஸ்கேன் எடுக்கத் தயங்க வேண்டாம்



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வரும் தாய்மார்களில் சிலர், மகளின் அடிவயிற்று வலியை மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டுப் பிறகுதான் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "குமருப் பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?" என்கிறார்கள். அந்த ஸ்கேன் எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் இந்தத் தயக்கம் நீங்கும்.

கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை ஆகியவற்றில் கிருமி தொற்றினால் அடிவயிற்று வலி, காய்ச்சல், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், மாதவிலக்கு இல்லாத நாளில் இரத்தக் கசிவு ஆகியவை வரலாம். பெரும்பாலும் இது உடலுறவு வழியாகப் பரவும் கிருமிகளால் வருகிறது. ஆனால் அது ஒன்றே காரணமல்ல. குடல்வால் வெடித்துச் சீழ் பரவினாலும் வரும். நுரையீரலில் இருக்கும் காசநோய்க் கிருமி இரத்தத்தின் வழியே கருக்குழாயை அடைந்தாலும் வரும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நம் நாட்டவர். கருக்குழாய்க் காசநோய் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, திருமணத்துக்குப் பின் குழந்தையில்லை என்று பரிசோதிக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. ஆகவே வலி என்றதும் பிள்ளையைச் சந்தேகிக்காதீர்கள்.

திருமணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல்புறம் வைத்தே ஸ்கேன் எடுக்கிறார்கள். உள்ளே எந்தக் கருவியும் செலுத்துவதில்லை. தோலின் மேல் ஜெல் தடவி ஒரு சிறு கருவியை நகர்த்துவார்கள். அது அனுப்பும் ஒலி அலைகள் உள்ளே பட்டுத் திரும்பி வந்து படமாகின்றன. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் கிடையாது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் விலகி, கர்ப்பப்பையும் சினைப்பையும் தெளிவாகத் தெரியும். அதனால்தான் ஒரு மணி நேரம் முன்பே நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். ரமலானில் அவசரமில்லாத ஸ்கேனை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம்; தாயும் உடன் இருக்கலாம். சிகிச்சைக்குத் தேவையான அளவு உடலைக் காட்ட மார்க்கத்தில் அனுமதி உண்டு.

கருக்குழாய் வீங்கிச் சீழ் கோத்திருப்பது, சினைப்பையோடு சேர்ந்த சீழ்க்கட்டி, இடுப்புக்குள் தேங்கிய நீர் ஆகியவற்றை ஸ்கேன் காட்டும். குடல்வால் வீக்கம், நீர்க்கட்டி, சினைப்பை முறுக்கிக்கொள்வது போன்ற வேறு காரணங்களையும் பிரித்தறிய உதவும். வாந்தியோடு திடீரென்று கடும் வலி வந்தால் சினைப்பை முறுக்கமாக இருக்கலாம். அப்போது காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தொற்றின் ஆரம்பத்தில் ஸ்கேன் நார்மலாகவே இருக்கலாம். "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும் சேர்ந்தால்தான் முடிவு தெரியும். மாத்திரையைப் பெரும்பாலும் 14 நாள் தருவார்கள். மூன்றாம் நாள் வலி போனதும் நிறுத்தினால் தொற்று உள்ளேயே தங்கிக் கருக்குழாயை அடைத்துவிடலாம். பின்னாளில் குழந்தையின்மைக்கும், குழாயிலேயே கரு தங்கும் ஆபத்துக்கும் அது வழிவிடும்.

மருத்துவர் மகளிடம் தனியாகப் பேச விரும்பினால் தடுக்காதீர்கள். யாராவது அவளுக்குத் தீங்கு செய்திருந்தால் அது வெளிவரும் இடம் அதுவாக இருக்கலாம். 18 வயதுக்குட்பட்டவரைப் பாதுகாக்க 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. 1098-இலும் உதவி கேட்கலாம். குற்றம் செய்தவனே வெட்கப்பட வேண்டும், பிள்ளை அல்ல.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருப்பூர், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆகியவற்றில் மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவில் காட்டலாம். மில், பனியன் கம்பெனி வேலையில் இ.எஸ்.ஐ. அட்டை உள்ள குடும்பங்கள் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை அணுகலாம். காசநோய் என்று தெரிந்தால் அரசு மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும். தனியார் ஸ்கேன் மையத்துக்குப் போனால் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம்.

வழி தெரியாதவர்கள், செலவுக்குச் சிரமப்படுபவர்கள் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பிள்ளையின் பெயர் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ். நம் பெண் மக்களுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்