கார்டிசோல் குறைபாடும் முடி உதிர்தலும்

கார்டிசோல் குறைபாடு என்பது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் (அண்ணீரகச் சுரப்பிகள்) உடலுக்குத் தேவையான அளவு கார்டிசோல் என்னும் ஹார்மோனைச் சுரக்காத நிலை ஆகும். இது அரிதான நோய். ஆனால் கண்டறியப்படாமல் விடப்பட்டால் உயிருக்கு ஆபத்தானது. கண்டறியப்பட்டால் மாத்திரைகளால் நன்கு கட்டுப்படுத்தக்கூடியது. தீராத களைப்புடன் முடியும் உதிரும்போது பலருக்கு இந்நோய் பற்றிய ஐயம் எழுகிறது. தலைமுடி மட்டும் உதிர்வது பெரும்பாலும் இதன் அறிகுறி அன்று. எந்த இடத்து முடி உதிர்கிறது, உடன் வேறு என்ன அறிகுறிகள் உள்ளன, முன்பு என்ன நோய் அல்லது மருந்து இருந்தது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார். இக்கட்டுரை இந்நோயைப் பொதுவாகவும், விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டை நகரமான செஞ்சி வட்டாரத்தில் வாழ்பவர் மருத்துவம் நாடும் வழியைச் சிறப்பாகவும் விளக்குகிறது.

கார்டிசோலின் பணி

கார்டிசோல் இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் தாங்கி நிற்கிறது. காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் உடல் தாக்குப்பிடிக்க உதவுகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி (கபச் சுரப்பி) ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பி அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிறது. இரத்தத்தில் கார்டிசோல் போதிய அளவு இருந்தால் ஏசிடிஎச் குறையும். கார்டிசோல் குறைந்தால் ஏசிடிஎச் கூடும். கார்டிசோலின் அளவு விடியற்காலையில் உயர்ந்து, நள்ளிரவில் மிகவும் தாழ்ந்திருக்கும். எனவே எந்த நேரத்தில் இரத்தம் எடுக்கப்பட்டது என்று தெரியாத கார்டிசோல் முடிவுக்குப் பொருள் கொள்வது கடினம்.

அட்ரீனல் சுரப்பி வேறு இரு வகை ஹார்மோன்களையும் சுரக்கிறது. அல்டோஸ்டிரோன் உடலில் உப்பைத் தக்கவைக்கிறது. அட்ரீனல் ஆண்ட்ரோஜன்கள் பெண்களுக்கு அக்குளிலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் முடி வளரக் காரணமாகின்றன.

காரணங்கள்

அட்ரீனல் சுரப்பியே பழுதாவது முதல்நிலைக் குறைபாடு. லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் தாமஸ் அடிசன் இதனை 1855இல் விவரித்ததால் இது அடிசன் நோய் எனப்படுகிறது. மேலை நாடுகளில் இன்று இதற்கு முதன்மைக் காரணம், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். இந்தியாவில் அதனுடன் காசநோயும் முக்கியக் காரணமாக நீடிக்கிறது. அட்ரீனலைக் காசநோய் தாக்கியிருப்பது தெரியாமல் ரிஃபாம்பிசின் மாத்திரை தொடங்கினால், அம்மருந்து கார்டிசோலை விரைவாகச் சிதைப்பதால் நோயாளியின் நிலை திடீரென மோசமாகலாம்.

பிட்யூட்டரி சுரப்பி பழுதாகி ஏசிடிஎச் வராமல் போவது இரண்டாம்நிலைக் குறைபாடு. கட்டி, தலைக்காயம், கதிர்வீச்சு ஆகியவற்றுடன், கிராமப்புறங்களில் குறிப்பாகக் கேட்டறிய வேண்டிய காரணங்கள் இரண்டு உள்ளன.

முதலாவது, பிரசவத்தின்போது ஏற்பட்ட கடும் இரத்தப்போக்கு. கருக்காலத்தில் பெரிதாகியிருக்கும் பிட்யூட்டரி, இரத்த ஓட்டம் குன்றும்போது அழுகிப்போகிறது. ஹரால்ட் ஷீஹான் 1937இல் விவரித்த இந்நிலை ஷீஹான் நோய் எனப்படுகிறது. இதில் தாய்க்குப் பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது, அக்குள் முடி உதிரும், களைப்பு ஆண்டுக்கணக்கில் தொடரும். பிரசவம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே பலருக்கு இது கண்டறியப்படுகிறது.

இரண்டாவது, கண்ணாடி விரியன் கடி. இப்பாம்பின் நஞ்சு இரத்தம் உறையும் முறையைச் சீர்குலைக்கிறது. சிலருக்குப் பிட்யூட்டரியிலும் இரத்தக்கசிவும் அழுகலும் உண்டாகின்றன. பர்மாவில் கடிபட்டவர்களிடம் இந்நிலை காணப்பட்டது பற்றிய ஆய்வு 1987இல் வெளியானது. தென்னிந்தியாவிலும் இத்தகைய நோயாளிகள் பதிவாகியுள்ளனர். நெல்லும், இவ்வட்டாரத்தில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையும் விளையும் செஞ்சிப் பகுதியில் வயல்வேலை செய்வோர் விரியன் கடிக்கு ஆளாக வாய்ப்புண்டு. கடிபட்டுப் பிழைத்தவருக்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துக் களைப்பும், தாடி, அக்குள் முடி உதிர்தலும், ஆண்மைக்குறைவும் அல்லது மாதவிடாய் நிற்றலும் தோன்றினால், பழைய பாம்புக்கடியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு மருந்துகளால் வரும் குறைபாடே இவை எல்லாவற்றையும் விட மிகுதியாகக் காணப்படுவது. பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் போன்றவற்றை மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் உட்கொண்டால் உடலின் சொந்தச் சுரப்பு உறங்கிப்போகலாம். பிறகு மருந்தைச் சட்டென நிறுத்தினால் குறைபாடு வெளிப்படும். மூட்டுவலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் ‘செட் மாத்திரை’களிலும், பெயர் ஒட்டப்படாத பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். புழுவெட்டு, வெண்புள்ளி ஆகியவற்றுக்கு வாரத்தில் இரு நாள் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளும், நீண்ட காலம் பூசப்படும் வீரியமிக்க களிம்புகளும் இதே விளைவைத் தரலாம். ஆகவே முடி உதிர்தலுக்கு எடுத்த மருந்தே கார்டிசோல் குறைபாட்டுக்குக் காரணமாவதும் உண்டு.

அறிகுறிகள்

* ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு, தசைச் சோர்வு
* பசியின்மை, உடல் எடை குறைதல், குமட்டல், வாந்தி, வயிற்றுவலி
* எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல், தாழ்ந்த இரத்த அழுத்தம்
* உப்பின் மீது மிகுந்த நாட்டம் (அடிசன் நோயில்)
* இரத்தச் சோதனையில் சோடியம் குறைவு. அடிசன் நோயில் பொட்டாசியம் மிகுதி. சிலருக்குச் சர்க்கரைக் குறைவு

அடிசன் நோயில் ஏசிடிஎச் மிகுவதால் தோல் கருக்கும். உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டிகள், பழைய தழும்புகள், நாக்கு, ஈறு ஆகிய இடங்களில் இது தெளிவாகத் தெரியும். மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களுக்கு ஈறு இயல்பாகவே கருத்திருக்கலாம் என்பதால், நிறம் புதிதாக மாறியதா என்பதே முக்கியம். பிட்யூட்டரி பழுதினால் வரும் குறைபாட்டில் தோல் கருக்காது, வெளிறித் தோன்றலாம்.

முடி உதிர்தலுடன் உள்ள தொடர்பு

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, விரைவான எடைக்குறைவு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தலை முழுதும் முடி கொத்தாகக் கொட்டுவது பொதுவாகக் காணப்படும் நிலை. இது பெரும்பாலும் தானே சரியாகும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மரபுவழி வழுக்கை ஆகியவை பிற பொதுக் காரணங்கள். கார்டிசோல் குறைபாட்டை நினைவூட்டும் முடி உதிர்தல் வேறு வகையானது.

* அடிசன் நோயுள்ள பெண்களுக்கு அக்குள், பிறப்புறுப்புப் பகுதி முடி குறையும். ஆண்களுக்கு விந்தகம் தனியே ஆண்ட்ரோஜன் சுரப்பதால் இவ்வாறு நிகழ்வதில்லை.
* பிட்யூட்டரி முழுதும் பழுதானால் ஆண், பெண் இருபாலருக்கும் உடல் முடி குறையும். ஆண்களுக்குத் தாடி வளர்வது மட்டுப்படும். உடன் வரும் தைராய்டு குறைவால் தலைமுடியும் வறண்டு உதிரும்.
* வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டு ஒரு தன்னெதிர்ப்பு நோய். புழுவெட்டு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அட்ரீனல் நோய் இருப்பதில்லை. எனினும் அதனுடன் எடைக்குறைவும் தோல் கருத்தலும் இருந்தால் அடிசன் நோயைச் சோதிக்க வேண்டும்.

நோயறிதல்

முதல் சோதனை காலை 8 மணியளவில் எடுக்கப்படும் இரத்தக் கார்டிசோல். பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு பெரும்பாலும் உறுதி. 15க்கு மேல் இருந்தால் குறைபாடு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இடைப்பட்ட அளவு வந்தால், ஏசிடிஎச் ஊசி செலுத்தி அட்ரீனல் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கும் தூண்டல் சோதனை செய்யப்படுகிறது. இவ்வெல்லைகள் ஆய்வக முறையைப் பொறுத்துச் சற்று மாறும். பின்னர் ஏசிடிஎச் அளவு, குறைபாடு அட்ரீனலிலா பிட்யூட்டரியிலா என்பதைக் காட்டும். அதற்கேற்ப வயிற்று ஸ்கேன், காசநோய்ச் சோதனை, பிட்யூட்டரி எம்.ஆர்.ஐ. ஆகியவை செய்யப்படுகின்றன.

முடிவைத் திசைதிருப்பும் மருந்துகள் சில உள்ளன. முடி வளர்ச்சிக்காகப் பலரும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வகக் கருவிகளில் கார்டிசோல் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். டிஎஸ்எச் அளவைப் பொய்யாகத் தாழ்த்தும். இதனால் உண்மையான குறைபாடு மறைந்துபோகலாம். குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் இதை நிறுத்துவது வழக்கம். அளவு மிகுதியாக இருந்தால் மேலும் முன்னதாக நிறுத்த வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் கார்டிசோலை உயர்த்திக் காட்டும். பிரெட்னிசோலோனைச் சில கருவிகள் கார்டிசோலாகவே கணக்கிடுகின்றன. ஆயினும் சோதனைக்காக ஸ்டீராய்டு மாத்திரையை நோயாளி தானே நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொல்லும் முறைப்படியே செய்ய வேண்டும்.

செஞ்சியிலிருந்து மருத்துவம் நாடுதல்

முதலில் காண வேண்டியவர் பொது மருத்துவர். செஞ்சி அரசு மருத்துவமனையில் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம், ஈமோகுளோபின், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். மேல்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை உள்ளன. ஹார்மோன் நோய்களுக்கெனத் தனித் துறை கொண்ட பெரிய நிறுவனங்களில் புதுச்சேரி ஜிப்மர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகிய இரண்டும் இப்பகுதியிலிருந்து சென்றுவரத் தக்கவை.

தொலைவு காரணமாக ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. காலையில் பேருந்து ஏறி முற்பகல் 11 மணிக்கு இரத்தம் கொடுத்தால், அந்நேரத்தில் இயல்பாகவே தாழ்ந்திருக்கும் அளவு நோயெனத் தோன்றலாம். உள்ளூரிலேயே காலை 8 மணிக்கு மாதிரி கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் செய்யலாம். அல்லது முதல்நாளே சென்று தங்கலாம். மாதிரி எடுத்த நேரம் அறிக்கையில் குறிக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை:

* கடந்த ஓராண்டில் எடுத்த எல்லா மாத்திரை அட்டைகள், ஊசிச் சீட்டுகள், களிம்புகள், பொடிகள்
* பிரசவத்தின்போது இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் அதன் மருத்துவக் குறிப்பு
* பாம்புக்கடிக்குச் சிகிச்சை பெற்ற குறிப்பு
* தமக்கோ வீட்டில் உள்ளவர்க்கோ காசநோய் இருந்த விவரம்
* சில மாதங்களுக்கு முன் எடுத்த நிழற்படம் (தோல் நிறமாற்றத்தை ஒப்பிட)

சிகிச்சை

1940களின் இறுதியில் கார்டிசோன் மருந்தாக வரும் வரை அடிசன் நோய் பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. அட்ரீனல் புறணி ஹார்மோன்கள் குறித்த ஆய்வுக்காக எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன், ஃபிலிப் ஹெஞ்ச் ஆகியோர் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று பெரியவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 15 முதல் 25 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்துத் தரப்படுகிறது. காலை வேளைக்குரிய அளவு மிகுதியாக இருக்கும். இதற்கு மாற்றாகச் சிறிய அளவில் பிரெட்னிசோலோனும் தரப்படுவதுண்டு. அடிசன் நோய்க்கு உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோனும் வேண்டும். இவர்கள் உணவில் உப்பைக் குறைக்கக்கூடாது. கோடையில் வெயிலில் உழைப்போர்க்கு உப்பும் நீரும் கூடுதலாகத் தேவைப்படும்.

பிட்யூட்டரி பழுதானவருக்குத் தைராய்டும் குறைந்திருக்கலாம். இங்கு வரிசை முக்கியம். கார்டிசோல் குறைபாட்டைச் சரிசெய்யாமல் தைராக்சின் மாத்திரையை முதலில் தொடங்கினால் அட்ரீனல் நெருக்கடி வரலாம். எனவே ஸ்டீராய்டு முதலிலும் தைராக்சின் பின்னரும் தரப்படுகின்றன.

சிகிச்சை தொடங்கியபின் களைப்பு சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். முடிக்கு மாதங்கள் ஆகும். பெண்களுக்கு அக்குள் முடி முழுதும் திரும்பாமல் போகலாம், ஏனெனில் ஹைட்ரோகார்டிசோன் ஆண்ட்ரோஜனை ஈடுசெய்வதில்லை. இதனால் உடலுக்குத் தீங்கில்லை.

அட்ரீனல் நெருக்கடி

கார்டிசோல் திடீரெனப் போதாமல் போகும் நிலை அட்ரீனல் நெருக்கடி எனப்படும். கடும் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் வீழ்தல், குழப்பம் ஆகியவை இதன் அடையாளங்கள். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இதைத் தூண்டும் பொதுவான காரணங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவர் முன்பே சொன்னபடி மாத்திரை அளவை இரண்டு அல்லது மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் 108 ஆம்புலன்சை அழைத்து அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் உப்புநீர்க் கரைசலும் உடனே தரப்பட வேண்டும். “எனக்குக் கார்டிசோல் குறைபாடு உள்ளது, ஸ்டீராய்டை நிறுத்தக்கூடாது” என்று எழுதிய அட்டையை நோயாளி எப்போதும் வைத்திருப்பதும், வீட்டார் அதை அறிந்திருப்பதும் உயிர்காக்கும்.

‘அட்ரீனல் களைப்பு’ என்னும் கருத்து

மன அழுத்தத்தால் அட்ரீனல் சுரப்பி களைத்துப்போய் முடி உதிர்கிறது என்ற கருத்து இணையத்தில் பரவலாக உள்ளது. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்புகள் இதனை ஒரு நோயாக ஏற்பதில்லை. இதற்கென விற்கப்படும் சில துணைமாத்திரைகளில் அட்ரீனல் சாறோ ஸ்டீராய்டோ இருந்தால், நலமாக உள்ள சுரப்பியையே அவை உறங்கச் செய்யலாம். காலைக் கார்டிசோல் இயல்பாக இருந்தால், களைப்புக்கும் முடி உதிர்தலுக்கும் இரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு, உணவுக் குறைவு ஆகிய வேறு காரணங்களைத் தேட வேண்டும். அவற்றில் பலவும் உள்ளூரிலேயே கண்டறிந்து சிகிச்சை பெறக்கூடியவை.