கடல் கடந்து ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு மனநிறைவு எதில் இருக்கிறது?

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்தில் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பயணிகளும் எதிர்ப்பட்டால், பெரும்பாலும் ஒரே காட்சிதான். வரிசையின் முன்னால் நிற்கும் துணிச்சலான பையன் ஒருவன் "ஹலோ, வாட் இஸ் யுவர் நேம்?" என்று தொடங்குவான். பதில் வந்ததும் "விச் கன்ட்ரி?" என்பான். அதற்கும் பதில் வந்துவிட்டால், அடுத்துக் கேட்க அவனிடம் வாக்கியம் இருக்காது. கைகுலுக்கலும் செல்ஃபியுமாகப் பேச்சு முடிந்துவிடும். கூட வந்த ஆசிரியருக்கு ஓர் ஏக்கம் எழும்: இந்த மனிதர் நம் பள்ளியில் ஒரு பருவம் இருந்தால் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு பேசுவார்கள்!

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில், தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. வெளிநாட்டுப் பயணிகளின் வரவு இனி கூடும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. ஆனால், ஆங்கிலம் கற்பிப்பதைப் பொறுத்தவரை ஆட்கள் நகரும் திசை வேறு. இங்கே வந்து கற்பிப்பவர்கள் அரிது; ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, கற்பிப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வெளியே போகிறவர்கள் பலர். அந்நிய நாட்டில் ஆங்கில ஆசிரியராக இருப்பது நிறைவு தரும் வேலைதானா, எந்த நிலைமையில் தரும் என்று போகும் முன்பே யோசித்துப் பார்ப்பது நல்லது.

அவர்கள் ஏன் இங்கே வருவதில்லை?

முதல் காரணம் விசா விதி. இந்தியாவில் வேலை விசா பெற, வெளிநாட்டவருக்குப் பொதுவாக ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் இருக்க வேண்டும். தங்கள் நாட்டு உணவைச் சமைக்கும் சமையல் கலைஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், மொழி ஆசிரியர்கள் போன்றோருக்கு இந்த வரம்பில் விலக்கு உண்டு. ஆனால், ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. ஜப்பானிய மொழியோ ஜெர்மனோ கற்பிக்க ஒருவர் குறைந்த சம்பளத்தில் வரலாம். ஆங்கிலம் கற்பிக்க வர முடியாது. தகுதியுள்ள இந்தியர்கள் போதிய அளவில் இருக்கும் வேலைக்கு வெளிநாட்டவருக்கு விசா தருவதில்லை என்பது அரசின் பொதுக் கொள்கை. செஞ்சி போன்ற ஊரில் எந்தப் பள்ளியும் ஓர் ஆங்கில ஆசிரியருக்கு 16 லட்சம் கொடுக்கப் போவதில்லை.

பழைய காலம் வேறு. 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய செமினரி, ஆங்கிலக் கல்வியில் தமிழ்ப் பிள்ளைகளின் ஒரு தலைமுறையையே உருவாக்கியது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். அந்த ஆசிரியர்கள் சம்பளத்துக்காக வரவில்லை. சமய நம்பிக்கை அவர்களைக் கொண்டுவந்தது. இன்றைய ஆசிரியர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வேலைக்குப் போகிறவர். அவருடைய நிறைவை வேறு அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் எங்கே போகிறார்கள்?

மிக அருகிலுள்ள உதாரணம் மாலத்தீவு. அந்த நாட்டில் 1,192 தீவுகள். மக்கள் வசிப்பவை ஏறக்குறைய 190. பள்ளிகளில் பயிற்றுமொழி ஆங்கிலம். உள்ளூர் ஆசிரியர்கள் போதாததால், பல பத்தாண்டுகளாகவே வெளிநாட்டு ஆசிரியர்களை அந்நாடு நம்பியிருக்கிறது. அவர்களில் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் சேர்ந்தவர்கள் கணிசமானோர். பூட்டானிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. 1960களில் நவீனக் கல்வியைத் தொடங்கியபோது அந்நாடு இந்திய ஆசிரியர்களைக் கொண்டே வகுப்புகளை நடத்தியது. வளைகுடா நாடுகளின் இந்தியப் பள்ளிகள் இன்னொரு பெரிய வாசல்.

சிறு தீவுப் பள்ளியில் வேலைக்குச் சேர்பவரின் நிலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வார விடுமுறை வெள்ளியும் சனியும். கடைத்தெருவும் பள்ளியும் துறைமுகமும் நடக்கிற தூரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் வீட்டில் பேசுவது திவேஹி. பாடப் புத்தகம் ஆங்கிலம். ஆசிரியருக்குத் திவேஹி தெரியாது, பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே, ஒருவரையொருவர் புரிந்துகொள்ள ஆங்கிலத்தை விட்டால் வழியில்லை. நம்மூர் வகுப்பில் பாடம் புரியவில்லை என்றால் உடனே தமிழுக்குத் தாவிவிடுவோம். அங்கே அது முடியாது. முதல் பருவத்தில் இது பெரும் சுமை. ஆனால், அதே காரணத்தால் ஒரு குழந்தை தானாக ஒரு வாக்கியம் சொல்லும்போது அது தன்னால் வந்தது என்பதை ஆசிரியர் கண்ணாலேயே பார்க்கிறார். இந்த வேலையின் உண்மையான கூலிகளில் இதுவும் ஒன்று.

சம்பளம் எதைத் தீர்க்கும்?

வேலையில் மனநிறைவு பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு, ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் சக ஆய்வாளர்களும் 1959இல் வெளியிட்டது. பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும், எப்போது வேலையில் மிகுந்த மகிழ்ச்சி அடைந்தீர்கள், எப்போது வெறுத்துப்போனீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு கேள்விகளுக்கும் வந்த பதில்கள் வெவ்வேறு பட்டியல்களாகப் பிரிந்தன. சம்பளம், மேலதிகாரி, விதிமுறைகள், பணியிடச் சூழல் போன்றவை கெட்டால் வெறுப்பு வருகிறது. அவை சரியாக இருந்தால் வெறுப்பு நீங்குகிறது, அவ்வளவுதான். மகிழ்ச்சியைத் தந்தவை சாதித்தது, பாராட்டப்பட்டது, வேலையின் இயல்பு, பொறுப்பு கிடைத்தது ஆகியவை. கூரை ஒழுகாத வீடு நிம்மதியாகத் தூங்க உதவும். அதனாலேயே வீட்டில் சந்தோஷம் வந்துவிடாது.

இந்த ஆய்வின் முறையைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனாலும், வெளிநாட்டில் கற்பிப்பவர்களின் அனுபவத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பகுப்பு மிகவும் உதவுகிறது. சம்பளம் சரியான தேதியில் வராவிட்டால், தங்கும் அறை மோசமாக இருந்தால், எந்த வகுப்பறை மகிழ்ச்சியும் அதை ஈடுகட்டாது. மாலத்தீவில் சம்பளம் ருஃபியாவில் வருகிறது. அங்கே டாலர் தட்டுப்பாடு ஏற்படும்போது, வெளிநாட்டு ஊழியர்கள் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பக்கூடிய தொகைக்கு வங்கிகள் வரம்பு வைக்கின்றன. கையில் பணம் இருந்தும் வீட்டுக் கடன் தவணைக்கு அனுப்ப முடியாத ஆசிரியரின் தவிப்பை எந்தச் சம்பளப் பட்டியலும் காட்டாது.

ஒலிநாடாவாக ஓர் ஆசிரியர்

இனி மறுபக்கம். எல்லா வசதியும் இருந்தும் நிறைவு கிடைக்காத நிலைக்கு ஜப்பானில் தெளிவான உதாரணம் உண்டு. 1987இல் நான்கு நாடுகளிலிருந்து 848 பேருடன் அந்நாட்டு அரசு தொடங்கிய 'ஜெட்' திட்டம், உலகின் மிகப் புகழ்பெற்ற ஆசிரியர் பரிமாற்றத் திட்டங்களில் ஒன்று. நல்ல ஊதியம், அரசின் பொறுப்பு, ஓராண்டு ஒப்பந்தம், புதுப்பித்தால் அதிகபட்சம் ஐந்தாண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் துணை ஆசிரியர்கள்; வகுப்புக்குப் பொறுப்பானவர் ஜப்பானிய ஆசிரியர்.

சில பள்ளிகளில் துணை ஆசிரியரும் சேர்ந்தே பாடம் திட்டமிடுகிறார். வேறு சில பள்ளிகளில் அவருக்கு இருக்கும் வேலை ஒன்றுதான்: பாடப் புத்தகத்தின் வாக்கியத்தை உரக்கப் படிப்பார், வகுப்பு திருப்பிச் சொல்லும், அடுத்த வாக்கியம், மறுபடி திருப்பிச் சொல்லும். மணி அடித்ததும் அடுத்த வகுப்பில் அதே பக்கம். 'மனித ஒலிநாடா' என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இந்தக் குறை பரவலானது. ஒரே திட்டம், ஒரே ஊதியம்; ஒருவர் மகிழ்ச்சியோடு தங்குகிறார், இன்னொருவர் ஆண்டு முடிவுக்காக நாள் எண்ணுகிறார். வேறுபாடு வகுப்பறைக்குள் அவருக்குக் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது.

கடலூர் வகுப்பறைகள் சொன்ன பதில்

இதை மிகத் தெளிவாக விளக்கியவர் நம் பகுதியோடு தொடர்புள்ளவர். என்.எஸ். பிரபு சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் பகுதிப் பள்ளிகளில் அவர் ஒரு புதிய ஆங்கிலக் கற்பித்தல் முயற்சியை நடத்தினார். அப்போது செஞ்சியும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. இலக்கணத்தை ஒப்பிக்கச் செய்யாமல், ரயில் கால அட்டவணையைப் படித்து எந்த வண்டியைப் பிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து எந்த வழியில் போவது என்று பிள்ளைகளை யோசிக்க வைத்தார்கள். விடை சரியா என்பதில் கவனம் இருக்கும்போது மொழி தானாக வளரும் என்பது கருத்து. உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளில் இந்த முயற்சி 'பெங்களூரு திட்டம்' என்று இன்றும் பாடமாகிறது.

இதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்பு, தொடக்க நிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்ற பெருமுயற்சி அன்றைய சென்னை மாநிலத்தில் நடந்தது. மேலே ஒரு முறையை வகுத்து, பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி கொடுக்கும் சங்கிலியாக அதைக் கீழே கொண்டுசெல்வது அதன் வழி. இப்படி ஒரே முறையை எல்லோருக்கும் கொடுப்பது சரியா என்பதுதான் பிரபு பின்னர் எழுப்பிய கேள்வி.

பிற்காலத்தில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, தாமும் கடல் கடந்த ஆசிரியரான பிரபு, 1990இல் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய 'டெசால் குவார்ட்டர்லி' ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்பது அவர் வாதம். இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும் என்று ஆசிரியருக்குள் ஒரு சொந்த நம்பிக்கை இருக்க வேண்டும். அது வேலை செய்யும் வகுப்பில் உயிர் இருக்கும். எந்த முறையானாலும் அது இயந்திரத்தனமாகிவிட்டால் வகுப்பு செத்துவிடும். மனநிறைவுக்கான விடையும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தன் நம்பிக்கையை வகுப்பில் பரிசோதிக்க இடம் கிடைத்த ஆசிரியர், சிறு தீவிலும் நிறைவாக இருப்பார். அந்த இடம் கிடைக்காதவருக்கு டோக்கியோவும் துபாயும் சிறையாகிவிடும்.

கடவுச்சீட்டு பார்த்துக் கிடைக்கும் மரியாதை

வெளிநாட்டில் நம்மவர்களைக் காயப்படுத்தும் இன்னொன்று உண்டு. ஆங்கிலம் யாருடைய தாய்மொழியோ அவரே நல்ல ஆங்கில ஆசிரியர் என்ற எண்ணம் பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது. தென் கொரியாவில் மொழி கற்பிக்கும் இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கு உரியது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம் இந்தியருக்கும் வாசலைத் திறந்தது. ஆனால், ஏழு நாட்டவருக்குப் பட்டம் போதும். இந்தியருக்கோ ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும்.

இந்த எண்ணத்தைப் பல்கலைக்கழக மேடைகளில் எதிர்த்து வென்றவர்களில் ஒரு தமிழர் முன்னணியில் இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அந்த வகுப்பறை அனுபவத்தை வைத்து 1999இல் எழுதிய நூல், ஆங்கிலம் கற்பிப்பதில் மேற்குலகின் ஆதிக்கத்தைக் கேள்வி கேட்டது. பிறகு அமெரிக்காவில் பேராசிரியராகி, பிரபுவின் கட்டுரை வெளிவந்த அதே 'டெசால் குவார்ட்டர்லி' இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். அந்த இதழை நடத்தும் சர்வதேச ஆசிரியர் அமைப்பு, தாய்மொழியை வைத்துப் பாகுபாடு காட்டுவதை எதிர்த்து 2006இல் அதிகாரபூர்வ நிலைப்பாடே வெளியிட்டது. ஆங்கிலத்தைப் பாடுபட்டுக் கற்றவருக்குத்தான் அது எங்கே தடுக்கும் என்று தெரியும். நம் ஆசிரியர்கள் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டிய தகுதி இது.

கையெழுத்திடும் முன்

வேலை எவ்வளவு நிலையானது என்பதையும் பார்க்க வேண்டும். 2021 ஜூலையில் சீன அரசு தனிப்பயிற்சித் துறைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, இணையவழி ஆங்கிலம் கற்பித்த வெளிநாட்டவர் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். ஆகவே, ஊரை விட்டுக் கிளம்பும் முன் இவற்றைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்:

- ஒப்பந்தம் யாருடன்? கல்வி அமைச்சகமா, பள்ளியா, இடையில் இருக்கும் ஏஜென்சியா?
- சம்பளம் எந்த நாணயத்தில்? மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும்?
- தங்குமிடம் தனி அறையா, பகிர்ந்துகொள்ள வேண்டுமா? மின் கட்டணம் யார் பொறுப்பு?
- வாரத்துக்கு எத்தனை பீரியட்? பாடத்தைத் திட்டமிடுவதும் வினாத்தாள் தயாரிப்பதும் யார்?
- பாதியில் விலகினால் என்ன ஆகும்? ஊர் வர டிக்கெட் யார் எடுப்பது?

பட்டதாரிகளின் கடவுச்சீட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அது வசதிதான், ஆனால், புறப்படும் முன் உங்கள் ஒப்பந்தத்தை அரசு அதிகாரி யாரும் சரிபார்க்க மாட்டார் என்பதும் அதன் பொருள். எனவே ஏஜென்சி பதிவு பெற்றதா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் நீங்களே பாருங்கள். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். சிக்கல் வந்தால் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகார் செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரிடம் பேசுங்கள். "வகுப்பில் உங்கள் இஷ்டப்படி ஏதாவது செய்து பார்க்க விடுகிறார்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில், சம்பள எண்ணைவிட அதிகமாக உங்கள் வருங்காலத்தைச் சொல்லும்.

இந்தக் கேள்வி செஞ்சி வட்டாரப் பள்ளிகளுக்கும் உரியது. புத்தகத்தை முடி, மதிப்பெண் காட்டு என்று விரட்டப்படும் ஆசிரியர் ஊரில் இருந்தபடியே வெறுத்துப்போகிறார். வாய்ப்பு வந்ததும் விமானம் ஏறுகிறார். ராஜகிரி அடிவாரத்தில் அந்தப் பையனுக்கு மூன்றாவது கேள்வியைக் கற்றுத்தர வெளிநாட்டவர் வர வேண்டியதில்லை. அதைக் கற்றுத்தரக்கூடிய ஆசிரியர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நியாயமான சம்பளத்தையும் வகுப்பறையில் சுதந்திரத்தையும் கொடுப்பது பள்ளி நிர்வாகங்களின் கடமை, அரசின் கடமை.