ஒரு கண்மாய்க்கு மூன்று கரைக்கோடு

மதுரையில் போஸ்டரும் பேனரும் வடிவமைப்பது என் தொழில். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை என்று நாள் முழுக்க ஃபோட்டோஷாப் முன்னால்தான் இருப்பேன். வேலை ஓய்ந்த நேரத்தில் அதே மென்பொருளில் மாடக்குளம் கண்மாயை வரைந்து வருகிறேன். தூண்டில் போடுகிறவர் கையில் வைத்துப் பார்க்கவும், பள்ளிக்கூடச் சுவரில் மாட்டவும் தோதான ஒரு சித்திர வரைபடம். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருக்கும் காலம் இது. எந்த ஊர்க் கண்மாயையும் இப்படி வரையலாம்.

மாடக்குளத்தைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் உண்டு. பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இந்த நகரத்தை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று குறிக்கின்றன. நகரத்துக்கே முகவரியாக இருந்த கண்மாய், இன்றைய வரைபடங்களில் பெயரோடு ஒரு நீலத் திட்டு, அவ்வளவுதான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் நிலம் இரண்டு சென்டிமீட்டரில் அடங்கிவிடும். அதற்குள் மடை எது, கலுங்கு எது என்று காட்ட இடம் ஏது? செல்போன் வரைபடத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தப் பக்கம் நுழைகிறது என்பது தெரியாது.

கண்மாயை வரையும் முன் அதன் அமைப்பு மனதில் பதிய வேண்டும். மதுரைப் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சாய்கிறது. சரிந்து வரும் தண்ணீரை மறித்து வளைவாகப் போட்ட மண்மேடுதான் கரை. கரைக்கு உள்ளே நீர்பிடிக்கும் பரப்பு உள்வாய். வயலுக்குத் தண்ணீர் விடும் வழி மடை. நிறைந்தால் கரை உடையாமல் மிச்சத் தண்ணீரை வழியவிடுவது கலுங்கு. அங்கே மறுகால் பாயும் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேரும். வைகையில் கொடிமங்கலத்தில் பிரியும் தண்ணீர் கீழமாத்தூர், துவரிமான் கண்மாய்களுக்கும் மாடக்குளத்துக்கும் வருகிறது. ஆகவே என் படத்தின் மூலையில் வைகையையும் சிறிதாகச் சேர்த்தேன். வரத்தைக் காட்டாத கண்மாய்ப் படம் பாதிப் படம்.

அடுத்துதான் பெரிய கேள்வி. கண்மாயின் ஓரம் எது? மார்கழியில் தண்ணீர் நிற்கிற இடத்தில் சித்திரையில் ஆடு மேய்கிறது. கரை இருக்கும் பக்கம்தான் ஆழம். உள்வாய் போகப் போக மேடு. தண்ணீர் ஒரு சாண் இறங்கினாலும் மேட்டுப் பக்கம் வெகுதூரம் காய்ந்துவிடும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநில இயற்கை வளத் துறை தன் ஏரிகளுக்கு ஆழக்கோடு போட்ட வரைபடங்களை மீன்பிடிப்பவர்களுக்குத் தருகிறது. ஆண்டு முழுதும் தண்ணீர் நிற்கும் ஏரிக்கு அது பொருந்தும். மழையை நம்பி ஏறி இறங்கும் நம் கண்மாய்க்கு ஒரே கோடு போதாது. நிறைந்தபோது, பாதியில், வற்றியபோது என்று மூன்று கோடு வேண்டும்.

இங்கேதான் பட மென்பொருள் கைகொடுக்கிறது. ஃபோட்டோஷாப்பிலும், 1990களில் அமெரிக்க மாணவர்கள் இருவர் உருவாக்கி இன்றும் இலவசமாகக் கிடைக்கும் 'கிம்ப்' மென்பொருளிலும் லேயர் வசதி உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைகிற மாதிரிதான். ஏ3 தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 4961க்கு 3508 பிக்சலில் கோப்பைத் திறக்க வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதிவாரியாகப் பார்க்கலாம். தண்ணீர் நிறைந்த மாதம் ஒன்று, வற்றிய மாதம் ஒன்று, இடைப்பட்டது ஒன்று எடுத்து, ஒரே அளவில் அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, மேலே பென் டூலால் ஓரத்தை இழுக்க வேண்டும். வற்றிய நீருக்கு அடர் நீலம், அதைச் சுற்றி இளநீலம், நிறைநீருக்கு அதைவிட வெளிர். மூன்றும் சேர்ந்தால் ஆழம் எங்கே என்பது தானாகவே கண்ணுக்குத் தெரியும்.

செயற்கைக்கோள் தராததைக் கரையில் கேட்டு வாங்க வேண்டும். தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அச்செடுத்த தாளை நீட்டினேன். "மடை எங்கப்பா இதுல?" என்றுதான் முதலில் கேட்டார். காட்டினதும் விரல் வைத்துச் சொன்னார்: "இதை ஒட்டிப் பள்ளம், தம்பி. கோடையில கெளுத்தி இங்கதான் ஒதுங்கும். கோரை மண்டிக் கெடக்கே, அது விரால் எடம்." அவர் சொன்னதற்கு மீனின் இயல்பிலேயே விளக்கம் இருக்கிறது. கெளுத்தி அடிமண்ணில் இரை தேடுவது. விரால் நீருக்கு மேலே வந்தும் காற்றை இழுக்கும் என்பதால் செடி மண்டிய ஆழமில்லாத இடத்திலும் பிழைக்கும். வளர்ப்பு மீன்களில் கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிருகால் அடியிலும் மேயும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கெண்டை ஓரத்து மண்ணைத் தோண்டித் தட்டுப் போலக் குழி பறிக்கும். பெண் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். தண்ணீர் இறங்கும்போது அந்தக் குழிகள் வரிசையாக வெளியே தெரியும். அவற்றையும் சின்ன வட்டங்களாகப் போட்டிருக்கிறேன்.

மீன், நீர்க்காகம், பனை, கருவேலம் இவற்றை வெள்ளைத் தாளில் கருப்பு மையால் வரைந்து ஸ்கேன் செய்தேன். லேயரை 'மல்டிப்ளை' என்று மாற்றினால் தாளின் வெள்ளை மறைந்து, மைக்கோடு மட்டும் நீலத்தின் மேல் நிற்கும். கைக்கோட்டின் நெளிவு அப்படியே கிடைக்கும். எழுத்தில் ஓர் எச்சரிக்கை: ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொடிமங்கலத்தின் 'கொ' பிரிந்து சிதறும். அளவை விகிதமாக எழுதாமல் கோடாகவே வரைவது நல்லது. படத்தைப் பெரிதாக அச்சிட்டாலும் கோடும் கூடவே நீளும், கணக்குப் பிசகாது.

ஒவ்வொரு கண்மாயாக அளந்து எழுதிவைப்பது நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1883இல் தொடங்கிய ஏரி, கண்மாய்ச் சீரமைப்புத் திட்டம் அதையே செய்தது. அன்று அது அரசாங்கம் ஆளும் பணமும் போட்டுச் செய்த வேலை. இன்று ஒரு கணினியும், கரையில் நடக்கக் காலும், கேட்கப் பொறுமையும் இருந்தால் ஊரே செய்துகொள்ளலாம்.

மாடக்குளத்துத் தண்ணீர் பாய்ந்த வயல்களில் பெரும்பகுதி இன்று தெருக்களாகிவிட்டது. வாய்க்கால் ஒரே நாளில் காணாமல் போவதில்லை. முதலில் அதன் பெயர் மறக்கிறது, பிறகு குப்பை விழுகிறது, கடைசியில் கட்டடம் எழுகிறது. பெயரும் வழியும் எழுதிய படம் பள்ளியிலும் டீக்கடையிலும் தொங்கினால், முதல் லோடு மண் கொட்டும்போதே கேட்க ஆள் இருக்கும். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், மற்றவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கண்மாயை வரைந்தால் உரிய அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். கோப்பின் முதல் லேயரில் மீனை வரைய வேண்டாம். தண்ணீர் வரும் வழியை வரையுங்கள்; அது இருந்தால்தான் மீனும் இருக்கும்.