பெயரும் எண்ணும் பொருளும்: மூலக்கூற்றுயிரியலிற் கலைச்சொல் ஒழுங்கும் பொதுத்தரவும்

ஓர் ஆய்வாளர் கண்டறிந்ததை இன்னொருவர் ஐயமின்றி விளங்கிக்கொள்ளும்போதே தனியறிவு பொதுவறிவாகின்றது. இதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒரு பொருளை எல்லோரும் ஒரே கருத்திற் சுட்டும் சொல் வேண்டும். திரட்டிய தரவுகளை எவரும் தேடிப் பெறத்தக்க வகையில் அடுக்கிவைக்கும் முறையும் வேண்டும். மூலக்கூற்றுயிரியல் இன்று எதிர்நோக்கும் பெருஞ் சிக்கல்களுட் சில இவ்விரண்டையும் பற்றியன. இச்சிக்கல் நமக்குத் தொலைவானதன்று. கண்டிக்கு அண்மையில், பேராதனையிலும் கன்னொறுவையிலும், அதன் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒருங்கே காணலாம்.

பேராதனையின் பழைய பாடம்

1849 முதல் 1880 வரை பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர் துவைற்ஸ். இலங்கைத் தாவரங்களின் உலர் மாதிரிகளை அவர் ஐரோப்பிய உலர்தாவரச் சாலைகள் பலவற்றுக்கு அனுப்பினார். ஒவ்வொரு மாதிரியிலும் ‘சி. பி.’ என்ற எழுத்துக்களோடு, அதாவது ‘இலங்கைத் தாவரங்கள்’ என்ற குறிப்போடு, ஓர் எண் இடப்பட்டது. 1858 முதல் 1864 வரை வெளிவந்த அவரது இலத்தீன் நூலும் அவ்வெண்களையே எடுத்தாண்டது. தரவைப் பகிர்ந்துகொள்வதற்கு அக்காலத்தில் இது சிறந்த ஏற்பாடே.

ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. அவ்வெண் குறித்த இடத்தில் குறித்த நாளிற் பறித்த செடியைச் சுட்டவில்லை. அவர் ஓர் இனமெனக் கருதியதையே சுட்டியது. ஆகவே வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கைகள் சேர்த்த செடிகள் ஒரே எண்ணின்கீழ் வந்தன. பின்னாளில் ஓர் இனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது அந்த எண் எதற்குரியது என்ற வினா எழுந்தது. செடி எந்த மலையில் முளைத்தது என்பதையும் பல வேளைகளில் உறுதிப்படுத்த முடியவில்லை. பொருளுக்கு இடும் எண்ணையும் பொருளைப் பற்றிய நமது கருத்துக்கு இடும் எண்ணையும் ஒன்றாக்கலாகாது என்பதே இதிற் பெறப்படும் பாடம். கருத்து மாறும், பொருள் மாறாது.

இரத்து ஹீனட்டியின் கதை

இப்பாடத்தை மூலக்கூற்றுயிரியல் மீண்டும் கற்கவேண்டியிருந்தது. தமிழகத்திற் புகையான் என்றும், நமது விவசாயத் திணைக்களத்தாற் கபிலநிறத் தத்தி என்றும், கிழக்கிலங்கை உழவரால் அறக்கொட்டி என்றும் அழைக்கப்படும் பூச்சி நெற்பயிரின் சாற்றை உறிஞ்சி வயலை எரித்தாற்போல் ஆக்குவது. இதனை எதிர்த்து நிற்கும் இலங்கையின் பழைய நெல்லினங்களுள் ஒன்று இரத்து ஹீனட்டி. அதன் எதிர்ப்புத் தன்மைக்குக் காரணமான பரம்பரையலகு 1977இல் வெளிவந்த ஆய்விற் பி.பி.எச். 3 எனக் குறிக்கப்பட்டது. அது நிறமூர்த்தத்தின் எப்பகுதியில் உள்ளது என்பதை அறியும் வசதி அப்போது இருக்கவில்லை.

பின்னர் அவ்வசதி வந்தது. 2007இல் ஒரு குழுவினர் பி.பி.எச். 3 ஆறாம் நிறமூர்த்தத்தில் உள்ளதென வெளியிட்டனர். 2015இல் இன்னொரு குழுவினர் நான்காம் நிறமூர்த்தத்தில் நெருங்கியமைந்த மூன்று பரம்பரையலகுகளின் தொகுதியைப் பிரித்தெடுத்து, அதனையும் பி.பி.எச். 3 என்றே அழைத்தனர். அந்த இடமோ முன்னரே பி.பி.எச். 17 என வேறொரு பெயர் பெற்றிருந்தது. இவ்வாறு ஒரே நெல்லின் இரண்டு இடங்கள் ஒரு பெயரையும், ஓர் இடம் இரண்டு பெயர்களையும் பெற்றன.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 1, 2, 7, 9, 10, 18, 21, 26 என எட்டு எண்கள் பெற்ற எதிர்ப்புப் பரம்பரையலகுகள் பன்னிரண்டாம் நிறமூர்த்தத்திற் குவிந்திருந்தன. அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7 என்ற நெல், இலங்கையின் கஹரமன, காட்டு நெல் எனப் பல மூலங்களிலிருந்து அவை அறியப்பட்டவை. 2016இல் வெளியான ஆய்வு, அவை எட்டும் ஒரே இடத்துக்குரிய எதிருருக்கள் என நிறுவியது.

இதனை வெறுஞ் சொற்பூசல் என ஒதுக்க முடியாது. பூச்சி விரைவில் இசைவாக்கம் பெறுவதால், எதிர்ப்புப் பரம்பரையலகுகள் பலவற்றை ஒரே நெல்லிற் சேர்ப்பதே பயிர்விருத்தியாளரின் நோக்கம். வெவ்வேறு எண்களை நம்பி இரண்டைச் சேர்க்க முயல்பவர், அவை ஒரே இடத்தின் எதிருருக்கள் ஆயின், தூயவழி நெல்லில் இரண்டையும் நிலைநிறுத்த இயலாது தோல்வியுறுவார். ஆறாம் நிறமூர்த்தத்தின் அடையாளங்களைக் கொண்டு நாற்றுக்களைத் தெரிபவர் நான்காம் நிறமூர்த்தத்தில் உள்ளதை இழந்துவிடலாம். பெயரின் குழப்பத்துக்கு இறுதியில் விலை கொடுப்பவன் உழவனே.

உலகம் கண்ட வழி

1980களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யப்பானிலும் டி.என்.ஏ. வரிசைகளைச் சேமிக்கும் களஞ்சியங்கள் தோன்றின. இவை மூன்றும் தரவுகளை ஒன்றுக்கொன்று பரிமாறுகின்றன. ஒரு வரிசை எங்கு ஒப்படைக்கப்பட்டாலும் அதன் பதிவெண் ஒன்றே. 1996இல் பெர்மியுடாவிற் கூடிய மனிதப் பரம்பரைத்தொகுதி ஆய்வாளர்கள், பெற்ற வரிசைகளை இருபத்துநான்கு மணி நேரத்துள் பொதுவுடைமையாக்க உடன்பட்டனர். அறிவைத் தனியுடைமையாக்கும் போக்குக்கு எதிரான குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி இது.

ஆனால் வரிசையைச் சேமித்தல் ஒன்று. அதன் தொழிலைச் சொல்லுதல் வேறொன்று. பழ ஈயை ஆய்ந்தோரும் மதுவத்தை ஆய்ந்தோரும் சுண்டெலியை ஆய்ந்தோரும் தத்தம் வழக்கிலேயே எழுதிவந்தனர். 1998இல் இம்மூன்று தரவுத்தளங்களைச் சார்ந்தோர் ஒன்றுகூடிப் பரம்பரையலகுகளின் தொழிலை விவரிக்கும் பொதுச் சொல்லடைவொன்றைத் தொடங்கினர். அதனை விளக்கும் கட்டுரை 2000இல் வெளிவந்தது. மூலக்கூற்றுத் தொழில், உயிரியற் செயன்முறை, கலத்தின் கூறு என்பன அதன் மூன்று பெருங் கிளைகள்.

அதன் அமைப்பு நாம் கருதத்தக்கது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நிலையான எண் உண்டு. எண்ணோடு பெயரும் வரைவிலக்கணமும் ஒத்தசொற்களும் தரப்படுகின்றன. உயிரியின் தற்காப்புச் செயற்பாடு 0006952 என்ற எண்ணைப் பெறுகின்றது. பெயர் திருத்தப்பட்டாலும் எண் நிலைத்திருக்கும். கருத்துக் கைவிடப்பட்டால் அதன் எண் இன்னொன்றுக்கு வழங்கப்படாது. கருத்துக்கள் ஒன்றோடொன்று கொண்ட உறவும் குறிக்கப்படுகின்றது. எந்தச் சான்றின் அடிப்படையில் ஒரு பரம்பரையலகோடு ஒரு தொழில் இணைக்கப்பட்டது என்பதும் பதியப்படுகின்றது. ஆய்வுகூடத்தில் நேரிற் கண்டதும் கணினி ஊகித்ததும் இவ்வாறு வேறுபிரிக்கப்படுகின்றன.

தமிழில் நமது நிலை

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் ஈழத்தவரின் பங்கு பெரிது. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்துச் சொற்களை ஆக்கினார். 1936இற் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமைதாங்கியவர் விபுலாநந்த அடிகள். பின்னர் இலங்கையில் தாய்மொழிக் கல்வி விரிவடைந்தபோது அரசு வெளியிட்ட சொற்றொகுதிகள் நமது பாடநூல்களுக்கு அடிப்படையாயின.

எனினும் இரு கரைகளிலும் வழக்குகள் பிரிந்தன. நாம் பரம்பரையலகு என்பதைத் தமிழகம் மரபணு என்கின்றது. நமது நிறமூர்த்தம் அங்கே குரோமோசோம். நமது கலம் அங்கே செல். நமது நொதியம் அங்கே நொதி. நமது விகாரம் அங்கே சடுதிமாற்றம். எது சிறந்தது என்ற விவாதத்தில் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. மேற்கூறிய சொல்லடைவு வேறொரு வழியைக் காட்டுகின்றது. ஒரு சொல்லை வெல்லச் செய்து மற்றதை அழிக்கவேண்டியதில்லை. கருத்துக்கு ஓர் எண்ணும் தெளிவான தமிழ் வரைவிலக்கணமும் தந்து, இரு வழக்குகளையும் அதனடியில் ஒத்தசொற்களாக இணைத்தாற் போதும். மட்டக்களப்பு மாணவரும் மதுரை மாணவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் தடையின்றிப் படிக்கலாம்.

உழவரின் சொற்களும் இவ்வொழுங்கினுள் வரவேண்டும். மகாவலியின் மறுகரையில், கன்னொறுவையில், 1988இல் நிறுவப்பட்ட தாவரப் பிறப்புரிமை வள நிலையம் நாட்டின் பழைய பயிரினங்களின் வித்துக்களைக் காத்துவருகின்றது. பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன், முருங்கைக்காயன் போன்ற பெயர்கள் உலக ஆய்வேடுகளில் உரோம எழுத்திலேயே வழங்குகின்றன. டகரத்தை ஒருவர் ஓர் எழுத்தாலும் மற்றொருவர் வேறோர் எழுத்தாலும் எழுத, றகரமும் ரகரமும் வேறுபாடிழக்க, ஒரே நெல் பல நெல்லாகத் தோன்றுகின்றது. மறுபுறம், ஒரே பெயரில் இரண்டு ஊர்களிலிருந்து வந்த வித்துக்கள் பிறப்புரிமையில் வேறாக இருக்கவும் கூடும். ஆகவே வித்தைச் சுட்ட அதன் பதிவெண்ணே ஏற்றது. பெயரோ அவ்வெண்ணோடு இணைந்த அறிவு. கறுப்பன் என்பது உமியின் நிறத்தையும், மொட்டை என்பது கதிரிற் கூரின்மையையும் உணர்த்தும்.

பெயரும் தகவலும் இணையும் நல்ல மரபு நம் நாட்டிலேயே உண்டு. பி.ஜி. 352 என்ற நெல்லின் முன்னெழுத்துக்கள் பத்தலகொடை நிலையத்தையும், எண்ணின் தொடக்கம் மூன்றரை மாத வயதையும் குறிக்கின்றன. உழவரும் ஆய்வாளரும் ஒருங்கே படிக்கத்தக்க பெயர் அது.

செய்யத்தக்கவை

நாம் முன்வைப்பவை மூன்று. முதலாவது, மூலக்கூற்றுயிரியலின் அடிப்படைக் கருத்துக்கள் சில நூற்றுக்கு உலகச் சொல்லடைவின் எண்ணோடு தமிழ் வரைவிலக்கணமும் இரு நாட்டு வழக்குகளும் தரும் அட்டவணை ஒன்று ஆக்கப்படல் வேண்டும். விஞ்ஞான பீடத்தினரும் தமிழ்த்துறையினரும் கூடிச் செய்தற்குரிய பணி இது. இரண்டாவது, பழைய நெல்லினங்களின் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் அவற்றின் மூல எழுத்திலேயே பதிந்து, பதிவெண், சேகரித்த ஊர், ஆண்டு ஆகியவற்றோடு இணைத்தல் வேண்டும். மூன்றாவது, நமது மாணவர் தம் ஆய்வேடுகளிற் பரம்பரையலகின் பெயரை மட்டும் எழுதாது, அதன் நிலையான எண்ணையும் பயன்படுத்திய வித்தின் பதிவெண்ணையும் எழுதப் பழகவேண்டும்.

இவற்றுட் பெருஞ் செலவு வேண்டுவது எதுவுமில்லை. வேண்டுவது ஒழுங்கும் கூட்டுழைப்புமே. இரத்து ஹீனட்டியைத் தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காத்தவர் பெயரறியா உழவர். அவர்கள் காத்ததைப் பற்றி உலகம் திரட்டிய அறிவு, அவர்தம் மக்கள் தம்மொழியிலே தேடிப் பெறத்தக்கதாய் அமைதல் வேண்டும்.